ஹெர்மான் பால்க் ரோமலைவிடச் சிறந்த டாங்கித் தளபதியா?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் தலைசிறந்த டாங்கித் தளபதி ரோமலும் இல்லை, குடேரியனும் இல்லை, ஹெர்மான் பால்க் என்ற ஒருவர்தான் என்றும், 1942 டிசம்பரில் அவர் ஒரே ஒரு டிவிஷனை வைத்துக்கொண்டு சோவியத்தின் டாங்கி ஆர்மி ஒன்றை முழுதாக அழித்தார் என்றும் ஒரு காணொளியில் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். (ரெஜிமென்டுகள் சேர்ந்தால் டிவிஷன், டிவிஷன்கள் சேர்ந்தால் கோர், கோர்கள் சேர்ந்தால் ஆர்மி, ஆர்மிகள் சேர்ந்தால் ஆர்மி குரூப்.) அது உண்மையா, உண்மையென்றால் அவர் பெயர் நம் காதில் ஏன் விழவே இல்லை என்பது உங்கள் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இது யார் பெரியவர் என்ற கேள்விதான். ஆனால் இதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த டிசம்பர் சண்டை நடந்த, ரஷ்யாவின் சிர் ஆற்றங்கரையில் உண்மையில் நடந்தது என்ன என்பது ஒன்று. ஒரு தளபதியை எந்த அளவுகோலால் அளப்பது என்பது மற்றொன்று. யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை; மற்ற இரண்டைப் பற்றியும் ஓரளவு விரிவாகவே எழுதலாம்.

நான் இந்தியத் தரைப்படையின் கவசப் படையில் 22 ஆண்டுகள் பணியாற்றியவன். அதில் மூன்று ஆண்டுகள் இளம் அதிகாரிகளுக்குக் களத் தந்திரம் கற்பித்தேன். சிர் போரைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து அந்த ஆற்றின் வளைவுகள் கைக்குப் பழகிப்போய்விட்டன. ஆனால் எனக்கு ஜெர்மனும் தெரியாது, ரஷ்ய மொழியும் தெரியாது. படித்ததெல்லாம் ஆங்கிலம் வழியாகத்தான். இது சிறிய குறை அன்று. ஏனென்றால் இந்தப் போரைப் பற்றி ஆங்கிலத்தில் நெடுங்காலம் கிடைத்துவந்த கதை, ஒரு தரப்பார் மட்டும் சொன்ன கதை. அதைப் பிறகு விளக்குகிறேன்.

பால்க் 1893 டிசம்பர் 7 அன்று, இன்று போலந்தில் க்தான்ஸ்க் என வழங்கும் டான்சிக்கில் பிறந்தார். பரம்பரைப் படைக்குடும்பம். முப்பாட்டனார் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் கீழ் போரிட்டவர். தந்தை வில்லியம் பால்க் ஜெனரலாக இருந்ததோடு, முதல் உலகப் போருக்கு முன்பே போர்த்தந்திரம் குறித்து எழுதி, அந்த எழுத்து அமெரிக்க ராணுவத்தாரால் ஆங்கிலத்தில் பெயர்க்கப்படும் அளவுக்கு மதிக்கப்பட்டவர். மகன் 1913-இல் கோஸ்லார் நகரின் ஜேகர் (இலகு காலாட்படை) பட்டாலியனில் சேர்ந்தார். முதல் போரில் மேற்கு, கிழக்கு, இத்தாலி, பால்கன் என எல்லா முனைகளிலும் சண்டையிட்டு ஏழு முறை காயம்பட்டார். இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் எடுத்த ஒரு முடிவுதான் என் பார்வையில் முக்கியமானது. ஜெர்மன் ராணுவத்தில் மேலே போவதற்கு ஜெனரல் ஸ்டாஃப் அதிகாரி, அதாவது தலைமையகத்தில் போரைத் திட்டமிடும் அதிகாரி, ஆவதுதான் ராஜபாட்டை. அந்த வாய்ப்பு இரண்டு முறை தேடி வந்தும் பால்க் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். படையோடு இருக்கவே விரும்பினார். குதிரைப்படை ரெஜிமென்ட் ஒன்றிலேயே பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தார். அவருடைய பலம், பலவீனம் இரண்டும் இந்த முடிவிலேயே அடங்கியிருப்பதாக நான் நினைப்பதுண்டு.

டாங்கித் தளபதி என்று இன்று சொல்லப்படும் இவருக்குப் பெயர் வாங்கித் தந்தது முதலில் டாங்கி அன்று, ரப்பர் படகு. 1940 மே 13 அன்று செடான் நகருக்கு அருகே மியூஸ் ஆற்றைக் கடந்த குடேரியனின் கோரில், 1-வது பான்சர் (டாங்கி) டிவிஷனைச் சேர்ந்த 1-வது ரைஃபிள் ரெஜிமென்டுக்கு லெப்டினன்ட் கர்னல் பால்க் தலைமை தாங்கினார். சற்று நேரம் கழித்து குடேரியனும் படகில் கடந்து அக்கரை சேர்ந்தபோது, "மியூஸ் ஆற்றில் உல்லாசப் படகுச் சவாரி தடைசெய்யப்பட்டுள்ளது!" என்று கூவி வரவேற்றாராம் பால்க். பயிற்சியின்போது விளையாட்டுப் புத்தியோடு இருந்த இளம் அதிகாரிகளைக் கண்டிக்க குடேரியன் சொன்ன வார்த்தைகள் அவை. அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறார். இதைப் பதிவு செய்தவர் குடேரியனே. இரண்டு நாள் கழித்து பூவெல்மோன் என்ற கிராமத்தின் முன்னால் நடந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். தூக்கமில்லாமல் துவண்டு போயிருந்த அதிகாரிகள் இனித் தாக்க முடியாது என்று சொல்ல, "அப்படியென்றால் ஊரை நான் தனியாகவே பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு பால்க் நடக்கத் தொடங்கினார். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். இதைக் கேட்டால் சினிமா வசனம் போலத்தான் இருக்கிறது. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளில் அப்படி நடக்கக்கூடிய அதிகாரிகள் இருவரை நானே பார்த்திருக்கிறேன் என்பதால் நம்புகிறேன். அந்தப் படையெடுப்பில் காலாட்படை ஒருபுறமும் டாங்கிகள் மறுபுறமுமாகப் பிரிந்து சண்டையிட்டதில் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, இரண்டையும் ஒரே தலைமையின் கீழ் கலந்து அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் பால்க்கும் ஒருவர்.

1941 ஏப்ரலில் கிரீஸில்தான் அவர் முதன்முதலாக ஒரு டாங்கி ரெஜிமென்டை நடத்தினார். பிளாட்டமோன் முகட்டிலும் டெம்பி கணவாயிலும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் படைகளை எதிர்கொண்டார். டாங்கி போகாது என்று எதிரி நம்பியிருந்த நிலத்தில் டாங்கியைக் கொண்டுபோனார் என்பதோடு இதை நிறுத்திக்கொண்டு, நீங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறேன்.

1942 மே மாதம் பால்க் 11-வது பான்சர் டிவிஷனின் பொறுப்பை ஏற்றார். நவம்பர் 19 அன்று சோவியத் படைகள் ஸ்டாலின்கிராடுக்கு வடக்கிலும் அடுத்த நாள் தெற்கிலும் முனையை உடைத்து, நான்கே நாளில் ஜெர்மனியின் 6-வது ஆர்மியைச் சுற்றி வளைத்துவிட்டன. அந்த வளையத்துக்கு மேற்கே, மேற்கிலிருந்து வந்து டான் நதியில் கலக்கும் ஒரு கிளையாறுதான் சிர். அதன் கீழ்ப்பகுதிக் கரையைப் பிடித்துக்கொண்டிருந்தது 48-வது பான்சர் கோர். பெயர்தான் பான்சர் கோர். கையில் இருந்தவை 336-வது காலாட்படை டிவிஷன், விமானப்படைப் பணியாளர்களைத் திரட்டி அவசரத்துக்குக் காலாட்படையாக்கிய ஒரு டிவிஷன், இவற்றோடு மத்திய முனையிலிருந்து ரயிலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த பால்க்கின் டிவிஷன். ஸ்டாலின்கிராடை மீட்கப் போகும் படைக்கு இந்தக் கோர் பக்கத்துணையாகப் புறப்பட வேண்டும் என்பது அந்த முனையின் ஜெர்மன் தலைமைத் தளபதி மான்ஸ்டைனின் திட்டம். அது புறப்படுவதற்கு முன்பே, டிசம்பர் 7 அன்று, சோவியத்தின் 5-வது டாங்கி ஆர்மியைச் சேர்ந்த 1-வது டாங்கி கோர் சிர் ஆற்றைத் தாண்டி 336-வது டிவிஷனின் இடப்பக்கத்தை உடைத்துக்கொண்டு, அன்று மாலைக்குள் 79-ஆம் எண் அரசுப் பண்ணை வரை உள்ளே வந்துவிட்டது.

காலாட்படை டிவிஷனின் தலைமையகம் கேட்டது இயல்பான ஒன்று: பால்க்கின் டாங்கிகள் எதிரியின் முன்னால் வந்து நின்று வழியை மறிக்க வேண்டும். பெரும்பாலான தளபதிகள் அதைத்தான் செய்திருப்பார்கள். வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்தி நான் கேட்கும்போதும் பத்தில் எட்டு மாணவர்கள் அதைத்தான் சொல்வார்கள். பால்க்கின் கணக்கு வேறு. முன்னால் மறித்தால் எதிரி நிற்பான். ஆனால் அடுத்த நாளும் அங்கேயே இருப்பான். எனவே விமான எதிர்ப்புப் பீரங்கிகளையும் பொறியாளர்களையும் எதிரிக்கு முன்னால் வைத்து வாசலை அடைத்துவிட்டு, டாங்கி ரெஜிமென்டை இரவோடிரவாகச் சுற்றிக் கொண்டுபோய், எதிரி எந்த வழியாக வந்தானோ அந்த வழியின் மேல் நிறுத்தினார். 8-ஆம் தேதி பொழுது விடியும்போது அந்த வழியில் வந்துகொண்டிருந்தது, டாங்கிகளுக்குப் பின்னால் வர வேண்டிய சோவியத் காலாட்படை. நீண்ட லாரி வரிசை, முன்னால் போனவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையில். அந்த லாரிகளைச் சிதைத்துவிட்டு, ஜெர்மன் டாங்கிகள் அதே வழியில் தெற்கே திரும்பி, பண்ணையில் நின்ற சோவியத் டாங்கிகளை முதுகுப்புறமாகத் தாக்கின. அன்று 53 டாங்கிகள் அழிக்கப்பட்டன என்பது ஜெர்மன் தரப்புக் கணக்கு.

அடுத்த இரண்டு வாரம் கிட்டத்தட்ட இதே கதை மீண்டும் மீண்டும் நடந்தது: ஆற்றின் ஒரு வளைவில் உடைப்பு, இரவில் நகர்வு, விடியலில் அடி, அதற்குள் வேறொரு வளைவில் உடைப்பு என்ற செய்தி. இதை ஒரு டிவிஷன் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதுதான் தொழில் தெரிந்தவர்களுக்குச் சுவையான பகுதி. பால்க் எழுத்தில் ஆணையே பிறப்பிக்கவில்லை, எல்லாம் வாய்மொழிதான். மறுநாள் என்ன செய்வது என்பதை மாலையிலேயே முடிவு செய்து, களத்திலேயே ரெஜிமென்ட் தளபதிகளிடம் சொல்லிவிடுவார். பிறகு தன் தலைமையகம் திரும்பி, கோரின் தலைமை அலுவலரான மெல்லந்தினோடு பேசுவார். கோர் ஒப்புக்கொண்டால் ரெஜிமென்டுகளுக்கு வானொலியில் போவது ஒரே வாசகம்: "மாற்றமில்லை." முக்கியமான மாற்றம் இருந்தால் அந்த இரவிலேயே வண்டியேறி ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் நேரில் போய்ச் சொல்வார். ஒட்டுக்கேட்கும் எதிரிக்கு அந்த ஒரு வாசகத்தில் கிடைப்பது ஒன்றுமில்லை. அதைவிட முக்கியம், ஆணை எழுதி, தட்டச்சு செய்து, கொண்டுபோய்ச் சேர்க்கும் நான்கைந்து மணி நேரம் அப்படியே மிச்சமாகிறது. தலைமையகத்தில் டிவிஷனின் ஸ்டாஃப் அதிகாரி ஒருவர் எப்போதும் ஒரே இடத்தில் இருந்து தொடர்புகளைப் பார்த்துக்கொள்ள, தளபதி காலை முதல் மாலை வரை முனையில் சுற்றிக்கொண்டிருந்தார். இரவு நகர்வு உயிரைக் காக்கும் என்பது அந்த டிவிஷனின் தாரக மந்திரம். அப்படியானால் ஆட்கள் தூங்கியது எப்போது என்ற கேள்விக்கு மட்டும் தெளிவான விடை கிடைக்கவே இல்லை என்று மெல்லந்தினே எழுதியிருக்கிறார்.

இரவில் நகர்ந்தார் என்ற இரண்டு சொல்லைக் காணொளியில் கேட்டுவிட்டுப் போய்விடலாம். அதன் கனம் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ராஜஸ்தானில் ஒரு பயிற்சியின்போது பதினான்கு டாங்கிகள் கொண்ட என் ஸ்குவாட்ரனை விளக்கில்லாமல் 30 கிலோமீட்டர் நகர்த்த வேண்டியிருந்தது. எதிரி கிடையாது, பனி கிடையாது, எல்லோரும் இரவுச் சாப்பாடு சாப்பிட்டிருந்தார்கள். முன்னால் போகும் டி-72 டாங்கி கிளப்பும் புழுதியில் அதன் பின்பக்கச் சிறு விளக்குப் புள்ளி தெரியும், மறையும். நள்ளிரவுக்கு மேல் பத்து நிமிட நிறுத்தம் ஒன்றில் ஐந்தாவது வண்டியின் டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார். முன்னால் இருந்த நான்கும் கிளம்பிப் போய்விட்டன. அவருக்குப் பின்னால் இருந்த ஒன்பது டாங்கிகளும், வரிசை இன்னும் நிற்கிறது என்று நினைத்து, இன்ஜின் உறும அங்கேயே நின்றுகொண்டிருந்தன. முன்னணியில் இருந்த எனக்கு இது தெரிய வந்தபோது இடைவெளி ஆறு கிலோமீட்டர். விடியலில் தாக்க வேண்டிய நான், நான்கு டாங்கிகளோடு ஒரு மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தேன். நடுவர் அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை; தன் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். இதே வேலையை ரஷ்யக் குளிர்காலத்தில், உண்மையான எதிரிக்கு எதிராக, இரண்டு வாரம் ஏறக்குறைய இரவு தவறாமல் ஒரு டிவிஷன் செய்தது என்றால், அதற்குப் பின்னால் மேதைமையைவிட அதிகமாக இருந்தது பயிற்சி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீழே இறங்கி ஒவ்வொரு டிரைவரின் தோளையும் தட்டிப் பார்க்கும் சார்ஜென்டுகள் இருந்தார்கள். காணொளிகளில் அவர்கள் வருவதில்லை.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் உறுதியானவை. எண்ணிக்கைக்கு வரும்போது தரை கொஞ்சம் வழுக்குகிறது. டிசம்பர் 19 அன்று 25 டாங்கிகளோடு சென்ற பால்க்கின் ரெஜிமென்ட், தெற்கே போய்க்கொண்டிருந்த சோவியத் டாங்கி வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டு, அவர்கள் தங்கள் ஆட்கள்தான் என்று ஏமாந்திருந்த சில நிமிடங்களில் 42 டாங்கிகளைச் சுட்டுவிட்டு, அடுத்த அலையில் இன்னும் 23-ஐச் சுட்டது, தன் பக்கம் ஒன்றும் போகவில்லை என்று மெல்லந்தின் எழுதுகிறார். டிசம்பர் 7 முதல் ஜனவரி இறுதிவரை அழித்தவை 225, இழந்தவை 16 என்பது டிவிஷனின் மொத்தக் கணக்கு. நிகழ்ச்சியின் அடிப்படை நம்பத் தகுந்ததே. அந்தக் காலத்துச் சோவியத் டாங்கிகளில் பெரும்பாலானவற்றில் வானொலி கிடையாது. தலைமை வண்டியைப் பார்த்து மற்றவை ஓடும். பின்னால் ஒருவன் சுட்டால் முன்னால் போகிறவனுக்குச் சொல்ல வழியில்லை. ஆனால் அழித்தது என்ற சொல்லைப் பார்த்தால் எந்த டாங்கிக்காரனுக்கும் சந்தேகம் வரும். அடிபட்டு நின்ற டாங்கி வேறு, எரிந்துபோன டாங்கி வேறு. சண்டை முடிந்து களம் யார் கையில் இருக்கிறதோ, அவர்களுடைய ரெகவரி வண்டி வந்து நின்றதை இழுத்துப் போகும். ஒரு வாரத்தில் அது மறுபடியும் ஓடும். எதிராளிக்கு அந்த வசதியில்லை. எனவே ஜெயித்தவன் தன் இழப்பைக் குறைவாகவும் எதிரியின் இழப்பை அதிகமாகவும் எழுதுவது, பொய் சொல்லும் எண்ணமே இல்லாமலும் நடக்கும். ஒரே வண்டியை இரண்டு பேர் எண்ணுவதும் உண்டு. ஆகவே 225 என்பதை மேல்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாங்கி ஆர்மியை முழுதாக அழித்தார் என்பது மட்டும் தவறு என்று திட்டமாகச் சொல்லலாம். 5-வது டாங்கி ஆர்மி கடுமையாக அடிபட்டது உண்மை; ஆனால் அது அழியவில்லை. 1943 ஏப்ரலில் 12-வது ஆர்மி என்று பெயர் மாற்றப்படும்வரை களத்தில் இருந்தது.

இனி, பெரிய வரைபடம். சோவியத் தரப்பு சிர் ஆற்றங்கரையில் விரும்பியது என்ன? ஆற்றைக் கடந்து முன்னேறினால் நல்லதுதான். ஆனால் அங்கிருக்கும் ஜெர்மன் பான்சர் டிவிஷன் வேறெங்கும் போகாமல் கட்டுண்டு கிடந்தாலே அவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. அது நடந்துவிட்டது. டிசம்பர் 12 அன்று மீட்புப் படையின் தளபதி ஹோத் தெற்கிலிருந்து ஸ்டாலின்கிராடை நோக்கிப் புறப்பட்டபோது, சிர் பக்கமிருந்து கூடவே வந்திருக்க வேண்டிய பால்க் வர முடியவில்லை. தன் ஆற்று வளைவுகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தார். ஹோத்தின் படை 19-ஆம் தேதி மிஷ்கோவா ஆற்றை எட்டியது. வளையத்துக்குள் இருந்தவர்களுக்கு அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதற்கு மேல் நகரவில்லை. அதே 19-ஆம் தேதிதான் பால்க் 65 டாங்கிகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் நாளும். இதற்கிடையே டிசம்பர் 16 அன்று சோவியத் படைகள் வடமேற்கே இத்தாலியின் 8-வது ஆர்மி நின்ற இடத்தை உடைத்தன. அங்கிருந்து சோவியத் தளபதி படானவின் 24-வது டாங்கி கோர் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, டிசம்பர் 24 விடியலில் தாத்சின்ஸ்காயா விமானத்தளத்துக்குள் நுழைந்தது. ஸ்டாலின்கிராடுக்கு உணவும் எரிபொருளும் போய்க்கொண்டிருந்த முக்கியமான தளம் அது. சிர் கரையிலிருந்து அவசரமாக அழைக்கப்பட்ட 11-வது டிவிஷனும் 6-வது பான்சர் டிவிஷனின் பகுதிகளும் படானவைச் சுற்றி வளைத்துத் தளத்தை மீட்டன. எரிபொருள் தீர்ந்த நிலையில் எஞ்சியவர்களோடு அவர் 28-ஆம் தேதி உடைத்துக்கொண்டு வெளியேறினார். அந்த அளவில் அதுவும் ஜெர்மன் வெற்றிதான். ஆனால் தோற்றுப்போன படானவுக்கு இரண்டாம் வகுப்பு சுவோரவ் விருதை முதல் ஆளாகக் கொடுத்தார்கள். தன் கோரைக் கரைத்து ஸ்டாலின்கிராடின் மூச்சுக்குழாயை நெரித்தார் என்று அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். பால்க் ஒவ்வொரு நாளும் ஜெயித்தார். அந்த மாதத்தை ஜெயித்தது சோவியத் தலைமை.

இதைப் பால்க்கின் குற்றமாகச் சொல்லவில்லை. டிவிஷன் தளபதியின் கையில் இருப்பது டிவிஷன்தான். ஆனால் மேலே போகப் போக அவருடைய வரலாறு மங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1943 நவம்பரில் அதே 48-வது கோருக்குத் தளபதியாகி, கீவ் நகருக்கு மேற்கே ஷிடோமிர் பகுதியில் மெல்லந்தினோடு சேர்ந்து நடத்திய எதிர்த்தாக்குதல்கள் இன்னும் பாடமாகப் பேசப்படுகின்றன. கோர் அளவிலும் அவர் திறமைசாலி என்பதற்கு அதுவே சான்று. 1944 ஆகஸ்டில் 4-வது பான்சர் ஆர்மியின் தலைமை, அந்த மாத இறுதியில் வைரம் பதித்த வீரச் சிலுவை. போர் முழுவதிலும் 27 பேருக்கு மட்டுமே கிடைத்தது அது. செப்டம்பர் 21 அன்று பிளாஸ்கோவிட்ஸுக்குப் பதிலாக மேற்கு முனையில் ஆர்மி குரூப் ஜி-யின் தலைமையை ஏற்றார். எதிரே அமெரிக்கத் தளபதி பேட்டன். பிரான்ஸின் லோரேனில் அவருக்குக் கிடைத்த புதிய பான்சர் பிரிகேடுகளில் டாங்கிகள் புத்தம் புதியவை, ஆட்களும் புதியவர்கள். அராகூர் சுற்றுப்புறத்தில் பனிமூட்டத்துக்குள் அவை அமெரிக்க ஷெர்மன் டாங்கிகளிடம் சின்னாபின்னமாயின. சிர் கரையில் பலித்த அதே தாக்கு, தாக்கு என்ற வேகம், வானம் எதிரியின் விமானங்களிடம் இருக்கும்போது, பயிற்சியில்லாத ஆட்களைக் கொண்டு பலிக்கவில்லை. நவம்பரில் மெட்ஸும் போயிற்று, ஸ்ட்ராஸ்பூர்கும் போயிற்று. டிசம்பரில் அவரை அங்கிருந்து நீக்கி ஹங்கேரிக்கு அனுப்பினார்கள். 1945 ஜனவரியில் புடாபெஸ்டை மீட்க மூன்று முறை முயன்றும் முடியவில்லை. கடைசியில் ஆஸ்திரியாவில் அமெரிக்கரிடம் சரணடைந்தார். ஆர்மி குரூப் அளவில் அவர் எப்படி என்று 1944-ஐ வைத்து மட்டும் எடைபோடுவது நியாயமில்லை என்று வாதிடலாம். அந்த ஆண்டு யார் இருந்தாலும் தோற்றிருப்பார்கள். அதை ஏற்கிறேன். ஆனால் அவர் சிறந்தவர் என்பதற்கு அந்த ஆண்டில் சான்று தேட முடியாது.

காணொளிகளும் வீரக்கதை எழுதுகிறவர்களும் அவசரமாகத் தாண்டிப் போகும் ஒரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். 1944 நவம்பர் இறுதியில் லோரேன் முனையில், தன் பேட்டரிகள் எங்கே நிற்கின்றன என்றே தெரியாமல் குடிபோதையில் கிடந்த ஒரு பீரங்கிப்படை லெப்டினன்ட் கர்னலை, ராணுவ நீதிமன்ற விசாரணை எதுவுமின்றி சுட்டுக்கொல்ல பால்க் உத்தரவிட்டார், அப்படியே சுடப்பட்டார். 1948-இல் ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மன் நீதிமன்றமே இதைக் கொலை வழக்காக விசாரித்து மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பாதிக்காலம் உள்ளே இருந்தார். பின்வாங்கும்போது வோஜ் மலைப்பகுதியில் உள்ள ஜெரார்மேர் நகரம் எரிக்கப்பட்டதற்காக பிரெஞ்சு ராணுவ நீதிமன்றம் அவர் இல்லாமலேயே விசாரித்து 20 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. அதை அவர் அனுபவிக்கவில்லை. ஆணையை எழுதாமல் வாயால் சொல்லும் பழக்கத்தை மேலே புகழ்ந்திருக்கிறேன். அதே பழக்கம் ஒரு மனிதனின் உயிர் விஷயத்தில் என்ன ஆகும் என்பதும் இந்த வழக்கில் இருக்கிறது. ஒழுங்கு குலைந்த நேரத்தில் இப்படித்தான் செய்ய முடியும் என்று வாதிட்ட மாணவர்கள் உண்டு. விசாரணைக்கு அரை மணி நேரம்கூட ஒதுக்க முடியாத நெருக்கடி அன்று அங்கே இருந்ததாக நான் படித்தவற்றில் எதுவும் காட்டவில்லை.

அவர் பெயரை நாம் ஏன் கேள்விப்படவில்லை என்பதற்கு விடை எளிது. ரோமல் போரிட்டது ஆங்கிலம் எழுதுகிறவர்களோடு; தோற்றவர்களுக்கும் ஜெயித்தவர்களுக்கும் அவரைப் பெரியவராகக் காட்டுவதில் லாபம் இருந்தது, கோயபெல்ஸின் பிரச்சாரமும் அவரைத் தூக்கிப்பிடித்தது. நம் ஊரிலும் அந்தப் பெயர் பழகியிருப்பதற்குக் காரணம் உண்டு: வட ஆப்பிரிக்காவில் அவரை எதிர்த்து நின்ற 4-வது இந்திய டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் ஆட்களும் இருந்தார்கள். பால்க்கின் போர்கள் நடந்ததோ ரஷ்யப் புல்வெளியில், பெயர் வாயில் நுழையாத கிராமங்களில். போருக்குப் பின் ஜெர்மன் தளபதிகள் பலர் அமெரிக்க ராணுவத்துக்காக வரலாறு எழுதிக் கொடுத்தபோது பால்க் மறுத்துவிட்டார். அவருடைய நினைவுக் குறிப்புகள் ஜெர்மனில் வந்ததே 1981-இல், அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்பு; ஆங்கிலத்தில் 2015-இல். அதுவரை உலகம் பால்க்கை அறிந்தது மெல்லந்தின் 1950-களில் எழுதிய புத்தகம் வழியாக. அந்த மெல்லந்தினோ அவருக்குப் பலமுறை தலைமை அலுவலர், நண்பர். நான் முன்பு சொன்ன ஒரு தரப்புக் கதை என்பது இதுதான். 1980-இல், ஐரோப்பாவில் தங்களைவிட எண்ணிக்கையில் பெரிய சோவியத் டாங்கிப் படையை எப்படித் தடுப்பது என்று தவித்த அமெரிக்கத் தளபதிகள் இந்த இரண்டு முதியவர்களையும் வரவழைத்து, வரைபடத்தின் மேல் போர் விளையாட்டு நடத்திக் கேட்டார்கள். எதிரியை உள்ளே விட்டு, பிறகு அடிக்கலாம் என்றார் 86 வயது பால்க். சிர் அன்று முதல் ராணுவக் கல்லூரிகளில் பாடமானது. நானும் அந்த வழியாகவே அதைப் பெற்றேன். சோவியத் ஆவணங்கள் திறக்கப்பட்ட பிறகு வந்த ஆய்வுகள்தான் பெரிய வரைபடத்தை எனக்குக் காட்டின.

ஆக, உங்கள் கேள்விக்கு: டிவிஷன் அளவில், நகரும் போரில், அவரைவிடத் திறமையாகச் செய்த ஒருவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ரோமலின் 1940-ஆம் ஆண்டு டிவிஷனையும் சேர்த்தே சொல்கிறேன். அதற்கு மேல் உள்ள எந்த அளவிலும் அப்படிச் சொல்ல மாட்டேன். நான் கற்பித்த காலத்தில் கரும்பலகையில் வரைந்தது சிர் ஆற்றின் கீழ்ப்பகுதியை மட்டுந்தான். அம்புக்குறிகள் அவ்வளவு அழகாக வந்து விழும், மணி அடித்துவிடும். இப்போது யாராவது அந்த வகுப்பை எடுக்கச் சொன்னால் இரண்டு வரைபடம் மாட்டுவேன். ஒன்றில் 79-ஆம் எண் பண்ணை இருக்கும். மற்றொன்றில் மிஷ்கோவா, தாத்சின்ஸ்காயா, இத்தாலியர்கள் நின்ற டான் கரை, ஸ்டாலின்கிராடு நான்கும் ஒரே தாளில் இருக்கும். அதில் 11-வது டிவிஷனை ஒரு சிறு ஆணி கொண்டு குத்தி வைத்து, டிசம்பர் 7 முதல் 24 வரை அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று மாணவர்களையே அளக்கச் சொல்வேன்.